திரையை மூடும் ‘வைரஸ்’ எச்சரிக்கை: அழைப்பதற்கு முன்னும் அழைத்துவிட்ட பின்னும் செய்ய வேண்டியவை

கணினியில் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது திடீரெனத் திரை முழுவதையும் மூடிக்கொண்டு ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது. சிவப்பும் நீலமுமான கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. ‘பீப்’ ஒலி நிற்காமல் அடிக்கிறது. உங்கள் கணினி வைரஸால் பூட்டப்பட்டுவிட்டது, அதை அணைக்காதீர்கள், உடனே கீழே உள்ள எண்ணை அழையுங்கள் என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சுட்டியை எவ்வளவு அசைத்தாலும் அம்புக்குறி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மூலையில் மைக்ரோசாஃப்ட் சின்னத்தைப் போன்ற நான்கு வண்ணச் சதுரங்களும், அவற்றின் அருகே 1-800 என்று தொடங்கும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.

அது ஒரு வலைப்பக்கம் மட்டுமே. நாளிதழின் இணையப் பக்கத்தையோ சமையல் குறிப்புப் பக்கத்தையோ திறப்பது போலத்தான் உங்கள் உலாவி (இணையப் பக்கங்களைப் பார்க்கப் பயன்படும் குரோம் போன்ற செயலி) அதையும் திறந்திருக்கிறது. திரையை முழுவதுமாக நிரப்புவது, ஒலி எழுப்புவது, அம்புக்குறியை மறைப்பது ஆகிய வசதிகள் காணொளி பார்ப்பதற்காகவும் விளையாடுவதற்காகவும் எல்லா உலாவிகளிலும் உள்ளவை. மோசடிக்காரர்கள் மிரட்டுவதற்கு அவற்றையே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் தோன்றியதனால் மட்டும் உங்கள் கோப்புகளோ வங்கிப் பணமோ பறிபோய்விடுவதில்லை. அதிலுள்ள எண்ணை அழைத்த பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது.

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் கணினி பழுது பார்க்கும் சிறு கடையொன்றை நடத்திவருகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு, பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில் செய்தி படிக்கவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் பழகிக்கொண்டிருக்கும் பெரியவர்களையே முதன்மையாக மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆயர் ஈத்தாமில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், தண்ணீர்மலைக்குத் தைப்பூச ரதம் எந்தச் சாலைகள் வழியாக வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் தெரிந்த ராசிபலன் விளம்பரம் ஒன்றைத் தட்டியிருக்கிறார். மேலே சொன்ன திரை எழுந்தது. பதறிப்போய் அந்த எண்ணை அழைத்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஒருவன் மிகவும் மரியாதையாக அவரிடம் பேசிக்கொண்டே இருந்தான். முடிவில் அவர் கணக்கிலிருந்து நான்காயிரம் வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டு மூன்று நாள் மறைத்துவைத்திருந்தவர், நான்காம் நாள் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டு என் கடைக்கு எடுத்துவந்தார். “என் கண்ணாலேயே பார்த்தேன் தம்பி, எத்தனை சிவப்புக் குறி!” என்றுதான் முதலில் சொன்னார். அந்தச் சிவப்புக் குறிகளைப் பற்றிப் பின்னால் விளக்குகிறேன். அவர் இழந்த பணத்தைவிட, அந்த மூன்று நாள் மௌனம்தான் என்னை அதிகம் வருத்தியது.

போலி எச்சரிக்கையை எப்படி அடையாளம் காண்பது?

ஐயமில்லாத அடையாளம் தொலைபேசி எண்தான். தங்கள் பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது. ஆகவே, கணினியில் திடீரெனத் தோன்றும் ஒரு வைரஸ் எச்சரிக்கை ஓர் எண்ணை அழைக்கச் சொல்லுமானால், அந்தச் சின்னம் எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும், அதை மோசடி என்றே முடிவு செய்துகொள்ளலாம். 1-800 எண் நம் நாட்டிலும் கட்டணமில்லா அழைப்புக்குரியது என்பதால் பலருக்கு அது நம்பிக்கை தருகிறது. எண்ணின் தொடக்கம் எதையும் உறுதிப்படுத்தாது.

சில பக்கங்கள் உங்கள் ஊர்ப் பெயரையும், நீங்கள் எந்த இணையச் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும், ஐபி முகவரி எனப்படும் எண் வரிசையையும் திரையில் காட்டும். ‘பினாங்கு’ என்று சரியாகப் போட்டிருக்கிறதே, உள்ளே நுழைந்துவிட்டான் போலிருக்கிறதே என்று படித்தவர்களே கலங்கிவிடுகிறார்கள். நீங்கள் திறக்கும் ஒவ்வோர் இணையத்தளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும். பக்கத்தை உங்களுக்கு அனுப்பிவைக்க அந்த முகவரி தேவை. அதைக் கொண்டு ஊரையும் சேவை நிறுவனத்தையும் ஏறத்தாழக் கணிப்பது எவருக்கும் எளிது.

இன்னொரு வகை, ‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது’ என்ற செய்தி. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது உண்மைதான். அதற்காக அன்றே கணினி நின்றுவிடாது. எவரும் உங்களை அழைத்து அதற்குப் பணம் வாங்குவதும் இல்லை. உண்மையான செய்தி ஒன்றில் பொய்யைக் கலப்பது இவர்களுக்குக் கைவந்த கலை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

நீங்களாகவே உதவி எண்ணைத் தேடும்போதும் கவனம் தேவை. அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று தேடுபொறியில் அந்த நிறுவனத்தின் உதவி எண்ணைத் தேடினால், மேலே விளம்பரமாக வரும் முடிவு மோசடிக்காரர்கள் காசு கொடுத்துப் போட்டதாக இருக்கக்கூடும். பொருளுடன் வந்த கையேட்டில் உள்ள முகவரியைப் பார்த்து, அதை நீங்களே தட்டச்சு செய்து போவது பாதுகாப்பானது.

திரையை மூடும் முறை

முதலில் ஒலியை நிறுத்துங்கள். மடிக்கணினியில் ஒலிபெருக்கிப் படமிட்ட விசை இருக்கும். அந்தக் கூச்சல் அடங்கினாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உள்ள எந்தப் பொத்தானையும், ‘மூடு’, ‘ரத்து’ என்று எழுதியிருந்தாலும், தொட வேண்டாம். அவையும் அந்தப் பக்கத்தின் படங்களே.

அடுத்து, விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகி, உலாவியின் மேற்பட்டையும் அதிலுள்ள மூடும் குறியும் பெரும்பாலும் திரும்பத் தெரியும். தெரியவில்லையென்றால் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்4 விசையை அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கும் அசையவில்லையென்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தி, வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து, அதில் உங்கள் உலாவியின் பெயரைத் தட்டி, ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மேக் கணினியில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இதே வேலை நடக்கும்.

எதுவும் பலிக்காவிட்டால் மின்பொத்தானைப் பத்து விநாடி அளவுக்கு விடாமல் அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துவிடுங்கள். ‘அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும்’ என்று அந்தக் குரல் சொல்வது, நீங்கள் இதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். சேமிக்காமல் திறந்து வைத்திருந்த ஆவணம் ஏதேனும் இருந்தால் அது மட்டும் போகும்.

மறுபடி உலாவியைத் திறக்கும்போது, முன்பிருந்த பக்கங்களை மீட்கவா என்று அது கேட்கும். மறுத்துவிடுங்கள், ஒப்புக்கொண்டால் அதே திரை மீண்டும் வந்து நிற்கும். கேட்காமலேயே அந்தப் பக்கம் திறந்துகொண்டால், வைஃபையை அணைத்துவிட்டு உலாவியைத் திறந்து, அந்தத் தாவலை மூடிவிட்டு, பிறகு இணைப்பைக் கொடுக்கலாம்.

திரையின் வலது கீழ் மூலையில் வைரஸ் அறிவிப்புகள் நாள்தோறும் சிறு கட்டங்களாக வந்துகொண்டிருந்தால், என்றோ ஒருநாள் ஏதோ ஒரு தளம் கேட்ட அனுமதிக்கு நீங்கள் ‘அலவ்’ கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். குரோம் உலாவியின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, தள அமைப்புகளுக்குள் அறிவிப்புகளைத் திறந்தால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிடுங்கள். மனநிறைவுக்காக ஒருமுறை முழுச் சோதனையும் செய்துவிடலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிஃபெண்டர் உடன்வருவது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ‘ஃபுல் ஸ்கேன்’ கொடுத்தால் போதும். இதற்காக எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் இத்தகைய பக்கம் வந்தால், உலாவியை அண்மைச் செயலிகளின் வரிசையிலிருந்து தள்ளி மூடிவிட்டு, உலாவியின் வரலாற்றை அழித்தால் போதுமானது. ஆனால் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘வைரஸை நீக்கும் செயலி’ என்று ஏபிகே கோப்பு ஒன்றை இறக்கச் சொன்னால் அதைத் தொடவே கூடாது. அந்தச் செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி பெற்றுவிட்டால், வங்கி குறுஞ்செய்தியில் ‘டேக்’ எனப்படும் ஒருமுறை மட்டும் பயன்படும் உறுதிப்பாட்டு எண்ணை அனுப்பினால், அது உங்களுக்கு முன்பே அவர்கள் கைக்குப் போய்விடும்.

அழைத்தால் மறுமுனையில் நடப்பது

எதிர்முனையில் பேசுபவன் மிரட்டுவதில்லை, ஆறுதல் சொல்கிறான். பிறகு, உதவுவதற்காக என்று சொல்லி எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் போன்ற ஒரு மென்பொருளை நிறுவச் சொல்கிறான். இவை அலுவலகங்களில் நாள்தோறும் பயன்படும் நேர்மையான கருவிகள் என்பதால் வைரஸ் தடுப்பு எதுவும் அவற்றைத் தடுக்காமல் போகலாம். திரையில் தோன்றும் ஒன்பது அல்லது பத்து இலக்க எண்ணை நீங்கள் படித்துச் சொல்லி, வரும் கேள்விக்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டால், அங்கே இருக்கும் அவன் உங்கள் நாற்காலியில் அமர்ந்திருப்பதற்குச் சமம்.

டீச்சர் கண்ட சிவப்புக் குறிகள் இதற்குப் பின் வருபவை. விண்டோஸில் ‘ஈவெண்ட் வியூவர்’ என்றொரு பதிவேடு உண்டு. அச்சுப்பொறி ஒரு கணம் பதிலளிக்காதது, ஏதோ ஒரு செயலி தாமதமாகத் தொடங்கியது என்று கணினியில் நடக்கும் சின்னச்சின்ன இடறல்களையெல்லாம் அது சிவப்பு, மஞ்சள் குறிகளுடன் எழுதிவைக்கும். நன்றாக ஓடும் கணினியிலும் நூற்றுக்கணக்கில் அவை இருக்கும். அன்று என் கடை மேசையில் இருந்த, அப்போதுதான் உறை பிரித்த புதிய மடிக்கணினியில் அதே பதிவேட்டைத் திறந்து டீச்சரிடம் காட்டினேன். அதிலும் சிவப்புக் குறிகள் இருந்தன. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இதைப் போலவே, கறுப்புத் திரையொன்றைத் திறந்து ‘நெட்ஸ்டாட்’ என்ற கட்டளையைக் கொடுப்பார்கள். அதில் ‘ஃபாரின் அட்ரஸ்’ என்ற தலைப்பின் கீழ் எண்கள் வரிசையாக வரும். வெளிநாட்டார் உங்கள் கணினிக்குள் புகுந்திருக்கிறார்கள் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே வெளியிலுள்ள முகவரி என்றுதான் பொருள். நீங்கள் திறந்து வைத்திருக்கும் செய்தித் தளத்தின் முகவரியும் அதில் அடங்கும்.

பணம் பறிக்கும் வழிகள் பல. சிலர் ‘பாதுகாப்புத் திட்டம்’ என்று சில நூறு வெள்ளி கேட்பார்கள். சிலர் கடைக்குப் போய் ஸ்டீம், கூகுள் பிளே போன்ற பரிசு அட்டைகளை வாங்கி, பின்னால் சுரண்டினால் தெரியும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். கணினி பழுதுக்குப் பரிசு அட்டையில் கட்டணம் வாங்கும் நிறுவனம் உலகில் எங்கும் இல்லை. எல்லாவற்றிலும் கொடியது ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்ற நாடகம். உங்கள் வங்கிக் கணக்கில் நுழையச் சொல்வார்கள். ஒரு கணம் திரை கறுத்துப்போகும். மீண்டும் வெளிச்சம் வரும்போது உங்கள் இருப்பில் நானூறுக்குப் பதிலாக நான்காயிரம் கூடியிருக்கும். தவறுதலாக அதிகம் போட்டுவிட்டேன், என் வேலை போய்விடும், மீதியை உடனே அனுப்பிவிடுங்கள் என்று அவன் அழுவான். உண்மையில் உங்கள் கணக்கில் ஒரு காசும் ஏறவில்லை. உலாவியில் தெரியும் பக்கத்தின் எழுத்துகளை உங்கள் திரையில் மட்டும் மாற்றிக் காட்டும் வழி எல்லா உலாவிகளிலும் உண்டு. பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய எண் திரும்பிவிடும். நம் ஆசிரியை அனுப்பியது அவருடைய சொந்தச் சேமிப்பு. இன்னொருவர் படும் துன்பத்துக்குத் தாம் காரணமாகிவிடக் கூடாது என்ற நல்ல மனத்தைத்தான் அவன் பயன்படுத்திக்கொண்டான்.

ஏற்கெனவே அழைத்துவிட்டிருந்தால்

இந்தப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாள் முழுவதும் இதையே தொழிலாகச் செய்பவர்கள் எதிரே இருந்தார்கள். அனுப்பப்பட்ட பணம், மலாய்ச் செய்திகளில் ‘அக்காவுன் கெல்டாய்’ என்று சொல்லப்படும் இரவல் கணக்குகள் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விரைவாகத் தாவிச் சென்றுவிடும். ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்புண்டு.

அழைப்பைத் துண்டித்துவிட்டு, முதல் வேலையாக இணையத்தை நிறுத்துங்கள். எங்கே தட்டுவது என்று தெரியவில்லையென்றால் ரௌட்டரின் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். அந்த நொடியே அவன் பிடி விட்டுப்போகும். பிறகு வங்கிக்கு அழையுங்கள். எண் உங்கள் அட்டையின் பின்புறத்தில் இருக்கும். அவன் கொடுத்த எண்ணையோ தேடுபொறியில் முதலில் வரும் எண்ணையோ நம்ப வேண்டாம். அவன் உங்கள் தொலைபேசியை விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தால் அண்டை வீட்டார் கைப்பேசியிலிருந்து அழையுங்கள். வங்கிகள் மோசடிப் புகாருக்கெனத் தனித் தொலைபேசி வசதி வைத்திருக்க வேண்டும் என்று மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்த நடவடிக்கைகளில் ஒன்று சொல்கிறது. பல வங்கிகளின் செயலியிலேயே கணக்கை உடனடியாக முடக்கும் ‘கில் சுவிட்ச்’ இருக்கிறது. அது உங்கள் செயலியில் எங்கே உள்ளது என்று இன்றைக்கே, நிதானமாக இருக்கும் நேரத்தில், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போயிருந்தால் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் இந்த எண் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. போன பணத்தின் தடத்தைப் பின்தொடர்ந்து, அது சென்றடைந்த கணக்குகளை முடக்கக் காவல் துறையும் வங்கிகளும் சேர்ந்து செயல்படுவதே இதன் நோக்கம். பிறகு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். திரையின் படம், அவர்களின் எண், பேசிய நேரம், பணம் சென்ற கணக்கின் எண், பரிவர்த்தனை ரசீது, பரிசு அட்டை என்றால் அட்டையும் கடைச் சீட்டும் ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பரிசு அட்டையை வெளியிட்ட நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். எண் பயன்படுத்தப்படாமல் இருந்தால் நிறுத்திவிட வாய்ப்புண்டு. பணம் போகாவிட்டாலும், கணினி தொடர்பான ஆலோசனைக்குச் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையை 1-300-88-2999 என்ற எண்ணில் அணுகலாம்.

இவையெல்லாம் முடிந்த பிறகே கணினியைக் கவனியுங்கள். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றக் கூடாது. வேறொரு கருவியில் மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, அதன் பிறகு மற்றவை என்ற வரிசை முக்கியம், ஏனெனில் மின்னஞ்சல் அவர்கள் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் அதன் வழியாகவே மாற்றிக்கொள்வார்கள். மின்னஞ்சல் அமைப்புகளில், உங்களுக்கு வரும் மடல்களை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் விதி ஏதேனும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிறுவச் சொன்ன மென்பொருளை நீக்கினாலும் நான் அதோடு விடுவதில்லை. நீங்கள் ஒப்புக்கொள்ளாமலேயே மீண்டும் நுழைய அவர்கள் தனிக் கடவுச்சொல் வைத்துப் போவதுண்டு. கூடவே வேறெதை விட்டுச் சென்றார்கள் என்பதை முழுமையாகக் கண்டறிவது கடினம். புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் படியெடுத்துவிட்டு, அமைப்புகளில் ‘ரீகவரி’ பகுதிக்குச் சென்று விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரியான வழி. தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் தெரிந்த கடையில் கொடுத்து, வேலை நடக்கும்போது உடன் இருங்கள்.

காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் ஒரு வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ இட்டு, அதன்மீது முன்பே புகார் உள்ளதா என்று பார்க்கலாம். பதிவு இருந்தால் அது உறுதியான எச்சரிக்கை. பதிவு இல்லையென்றால், அந்த எண்ணைப் பற்றி இதுவரை எவரும் புகார் செய்யவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில வாரங்களுக்கு அழைப்புகள் வரும். ஒருமுறை பேசியவரின் எண்ணை மீண்டும் குறிவைப்பது இவர்களின் வழக்கம். இம்முறை காவல் அதிகாரி என்றோ, பேங்க் நெகாராவிலிருந்து என்றோ, இழந்த பணத்தை மீட்டுத் தரும் வழக்கறிஞர் என்றோ சொல்வார்கள். உங்கள் பெயரும் இழந்த தொகையும் சரியாகவே சொல்வார்கள். மீட்பதற்கு முன்பணம் கேட்டாலும், சேமிப்பைப் ‘பாதுகாப்பான கணக்கு’ ஒன்றுக்கு மாற்றச் சொன்னாலும், பதில் பேசாமல் வைத்துவிடுங்கள். உங்கள் புகாரைப் பற்றி அறிய வேண்டுமானால், புகார் எண்ணுடன் அதே காவல் நிலையத்துக்கு நேரில் செல்லுங்கள்.